கூரைக் கம்பமும் குதிரைக்காரர்களும்

இஷென்பெக் தன் அக்கா வீட்டுக்கு வந்து இறங்கியபோது ஒரு கக்கத்தில் வெள்ளைத் தட்டு ஆன்டெனா இருந்தது, மறு கக்கத்தில் கேபிள் சுருள் இருந்தது, முகத்தில் சந்தேகம் இருந்தது. முதல் இரண்டும் நரின் நகரத்துக் கடையில் வாங்கியவை. மூன்றாவது அவர் பிறக்கும்போதே கூட வந்தது.

இஷென் என்றால் கிர்கிஸ் பேச்சில் 'நம்பு' என்று பொருள். பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். சேவல் கூவினால்கூட ஜன்னலைத் திறந்து கிழக்கே ஒருமுறை பார்த்து, விடிந்தது உண்மைதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே எழுந்திருக்கிற மனிதர். வேலைக்காலம் முழுவதும் மலைமலையாக ஏறித் தொலைபேசிக் கம்பி இழுத்தவர். கம்பி கண்ணுக்குத் தெரியும், கையால் தொடலாம், அறுந்தால் அறுந்த இடத்தைக் காட்டலாம். கம்பியில்லாமல் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு எது போனாலும் அதற்கு வதந்தி என்றுதான் பெயர் என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவரே தட்டும் கையுமாக வந்து நிற்கக் காரணம் அக்காவின் இதயம்.

இலையுதிர் காலத்தில் உம்சுனை அக்கா மாட்டுக்கொட்டகையில் மயங்கி விழுந்துவிட்டாள். பசு கத்திய கத்தலில் யாரோ எட்டிப் பார்த்ததால் பிழைத்தாள். "தனியா விடாதீங்க" என்றார் டாக்டர். சொல்வது சுலபம். தம்பி வீட்டுக்கு அக்கா வரமாட்டாள். அவர் நாய்க்கும் அவள் பசுவுக்கும் ஆகாது. அக்கா வீட்டுக்குத் தம்பி போகமாட்டார்; அக்காவுக்கும் அவருக்குமே ஆகாது. இருவருக்கும் துணை போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளைகள் ரஷ்யாவில். நடுவில் ஒரு ஓடை, ஓடைக்கு அப்பால் ஒரு மேடு. கூப்பிடு தூரம்தான், ஆனால் பனி விழுந்துவிட்டால் அதுவே தனி தேசம். இன்டர்நெட் கேபிள் இஷென்பெக் வீட்டுத் தெருவோடு நின்றுவிட்டது. ஆகவே இரண்டு கூரைகளிலும் இரண்டு தட்டுகளை எதிரெதிரே வைத்து, அவர் வீட்டு இணைப்பை அவள் வீட்டுக்கு அனுப்புவது. இரண்டு வீட்டிலும் ஒரு திரையை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் எந்நேரமும் பார்த்துக்கொள்வது. இதுதான் ஏற்பாடு.

"எந்நேரமுமா?" என்றாள் உம்சுனை. "உன் மூஞ்சிய எந்நேரமும் பாத்தா நல்ல இதயமே நின்னு போயிருமேடா."

"முதல்ல ரொட்டிய எடுத்து வை. பேச்சு அப்புறம்."

அவர் ஆன்டெனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டார். உள்ளே வந்தவர் ரொட்டியில் ஒரு விள்ளலாவது தொடாமல் போகக்கூடாது, கூடப்பிறந்தவரானாலும் சரி.

தட்டுகள் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும். அதுதான் இந்த வித்தையின் ஒரே நிபந்தனை. இடையில் மரம், மலை, மாட்டுக்கொட்டகை எதுவும் கூடாது. இஷென்பெக்கின் கூரை உயரம். உம்சுனையின் கூரையிலிருந்து பார்த்தால் ஓடைக்கரை மரங்கள் மறைத்தன. நல்ல உயரமான கம்பம் ஒன்று நட்டால்தான் ஆகும். அந்த ஊரில் அவ்வளவு நீளமான நேர் மரத்துக்கு எங்கே போவது? கிடைப்பதெல்லாம் ஊர்க்காரர்களைப் போலவே இரண்டு முழத்துக்கு ஒருமுறை கோணிக்கொள்ளும்.

அப்போதுதான் அசனாலி வந்தான்.

அசனாலி பக்கத்துச் சந்துக்காரன். அக்சாய் பள்ளத்தாக்கிலிருந்து சில வருடங்களுக்கு முன் குடிவந்தவன். கஞ்சத்தனத்தில் கரை கண்டவன். அவன் வீட்டு நாய்கூட அடுத்த வீட்டு வாசலில் போய்த்தான் குரைக்கும். சொந்த வாசலில் குரைத்தால் செலவு என்று பழக்கியிருந்தான். அந்த அசனாலி, யாரும் கேட்காமலே, நீளமான கம்பம் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு முற்றத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, கம்பம் தேடுறீங்கன்னு கேள்விப்பட்டேன். வச்சுக்கங்க."

இஷென்பெக் கம்பத்தைப் பார்த்தார். அசனாலியைப் பார்த்தார். மறுபடி கம்பத்தைப் பார்த்தார்.

"என்ன வேணும் உனக்கு?"

"ஒண்ணும் வேணாம்ணே."

"உங்கிட்ட ஜலதோஷம் இருந்தாக்கூட அடுத்தவனுக்குத் தராம உள்ளேயே வச்சுக்குவியேடா. எப்பத் திருப்பித் தரணும்?"

"திருப்பியே தர வேணாம்ணே." அவன் குரல் தாழ்ந்தது. "தயவுசெஞ்சு தர வேணாம்."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். போகும்போது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கொடுத்த பொருளைத் திரும்பிப் பார்க்காத அசனாலியை அந்த ஊர் அதுவரை கண்டதில்லை.

கம்பம் என்னவோ அருமையான கம்பம். நூல் பிடித்தாற்போல் நேர். கைபட்டுக் கைபட்டு மெருகேறிய சாம்பல் நிறம். உச்சியில் ஒரு வெட்டு, அந்த வெட்டில் ஏதோ பழைய துணியின் நாலைந்து வெள்ளை இழைகள். மோந்து பார்த்தார். வியர்த்த குதிரையின் வாடை வந்தது. ஏதாவது லாயத்தில் கிடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு தட்டை அதில் மாட்டிக் கூரையில் நட்டார்.

சிக்னலின் அளவைக் கைப்பேசி சொல்லும். நல்ல சிக்னலானாலும் கெட்ட சிக்னலானாலும் பூஜ்யத்துக்குக் கீழேதான் எண் வரும். எவ்வளவு கீழே என்பதுதான் கணக்கு. அந்த ஊர்க் குளிரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. தட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். எண் ஏறியது, ஏறியது, நின்றது. திரையில் அவர் வீட்டுச் சுவர்க் கம்பளமும், கம்பளத்துக்கு முன்னால் படுத்திருந்த நாயும் தெரிந்தன. பசு ஜன்னல் வழியாக அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டது.

அன்றிலிருந்து சாயங்காலம்தோறும் அவரவர் வீட்டில் அவரவர் உப்புத் தேநீரைக் குடித்தபடி இருவரும் திரையில் சண்டை போட ஆரம்பித்தார்கள். நேரில் போடும் சண்டையைவிட இது சௌகரியமாக இருந்தது.

"தேநீர்ல இன்னும் பால் ஊத்துடா, கழுவின தண்ணி மாதிரி இருக்கு."

"உனக்கெப்படித் தெரியும்? நீ அங்க இருக்க."

"நிறம் தெரியுதே. இதைத்தான் நீயும் உன் வாழ்நாளெல்லாம் குடிச்சிருக்க, அதான் இப்படி இருக்க."

மருந்தைத் திரைக்கு முன்னால் காட்டி அவள் விழுங்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். விழுங்கிய பிறகு நாக்கை நீட்டிக் காட்டச் சொல்வார். அவள் தேவைக்கு அதிகமாகவே நீட்டிக் காட்டுவாள்.

முதல் பெரிய பனி விழுந்த பிறகுதான் அது தொடங்கியது.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கி, பனி நீலம் பாய்கிற நேரம். பேச்சின் நடுவே படம் உறைந்தது. எண் விழுந்தது, எழுந்தது. மறுபடி விழுந்தது, எழுந்தது. மறுபடி. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் நிமிர்ந்து நின்றது.

மறுநாளும் அதே நேரம், அதே விழுதலும் எழுதலும். அதற்கடுத்த நாளும்.

இஷென்பெக்குக்கு ஒருவகையில் ஆனந்தம்தான். சந்தேகப்பட விஷயமில்லாமல் இரண்டு வாரம் வாடிக் கிடந்திருந்தார். முதலில் அசனாலி மேல் சந்தேகம்: கம்பத்தைச் சும்மா கொடுத்துவிட்டு இணைப்பைத் திருடுகிறான். கடவுச்சொல்லை மாற்றினார். விழுந்தது. காக்கை மேல் சந்தேகம். தட்டைச் சுற்றி முள்கம்பி கட்டினார். விழுந்தது. பிறகு தட்டு மேலேயே சந்தேகம். கழற்றித் துடைத்து, காதில் வைத்துக் கேட்டு, மறுபடி மாட்டினார்.

விழுந்தது.

கைப்பேசியில் அன்றைய சிக்னலைக் கோடாக வரைந்து காட்டும் வசதி உண்டு. பார்த்தார். நாள் முழுக்க மேசைபோல் மட்டமான கோடு. சாயங்காலத்தில் மட்டும் சீப்பின் பற்களைப்போல் வரிசையாக இறக்கங்கள். ஒவ்வொன்றும் ஒரே அகலம். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரே இடைவெளி.

ஏதோ ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே போகிறது.

கையில் ஒரு நீளக் கழியை எடுத்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் நடுவேயுள்ள மேட்டுக்குப் போனார். இரண்டு தட்டுகளையும் இணைக்கும் நேர்கோடு தரைக்கு மிக அருகே வருவது அந்த மேட்டின் தலையில்தான். கழியைத் தூக்கிப் பிடித்து, எந்த உயரத்தில் எண் அசைகிறது என்று பார்த்தார். அவர் தலைக்கு மேல், கையை முழுக்க நீட்டினாலும் எட்டாத உயரத்தில் அசைந்தது.

ஆடு போனால் மறைக்காது. மாடு போனால் மறைக்காது. நடந்து போகிற மனிதன் எவ்வளவு நெட்டையனாக இருந்தாலும் மறைக்கமாட்டான்.

குதிரைமேல் போகிறவன் மறைப்பான்.

இஷென்பெக் காலடியைப் பார்த்தார். மேட்டின் மேல் பனி, மாவு சலித்துக் கொட்டியதுபோல் கிடந்தது. அவர் காலடித் தடத்தைத் தவிர ஒரு கீறல் இல்லை.

ஆனால் வாடை இருந்தது. சூடான வாடை. வியர்வை, தோல் சேணம், வெகுதூரம் ஓடி வந்த குதிரையின் மூச்சு.

அன்று அவர் சாதாரணமாக நடந்துதான் வீடு திரும்பினார் என்று பின்னாளில் சொல்லிக்கொண்டார். அவர் நாய் அவரைப் பார்த்துக் குரைத்ததை வைத்துப் பார்த்தால், அவர் ஓடி அது பார்த்ததேயில்லை என்பது புலனாகும்.

அன்று சாயங்காலம் இறக்கங்கள் முடிந்த பிறகு கோடு மேலே எழும்பவில்லை. எண் மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே போயிற்று. குறுக்கே போனவர்கள் இப்போது திரும்பி, நேர்கோட்டின் வழியாகவே போகிறார்கள். அக்கா வீட்டுத் தட்டை நோக்கி.

படம் கட்டம் கட்டமாகச் சிதறியது. ஒலி மட்டும் வந்தது.

"டேய் இஷென்." உம்சுனை கிசுகிசுத்தாள். "வாசல்ல யாரோ வந்திருக்காங்க."

"யாரு?"

"ஜன்னல்ல ஒண்ணும் தெரியல. ஆனா பசு மூலையில ஒடுங்கி நிக்குது. குதிரை கட்டுற கட்டை கிறீச்சுங்குது. யாரோ கடிவாளத்த இழுத்துக் கட்டுற மாதிரி."

"கதவத் திறக்காதே."

"அவங்க கதவத் தட்டல. அழறாங்கடா."

அவருக்கும் கேட்டது. ஒலிபெருக்கியின் இரைச்சலுக்கு அடியில், ஆண்குரல்கள். ஒருவர் தொடங்க மற்றவர்கள் சேர்ந்துகொள்ளும் நீண்ட ஓலம். அந்த ஊரில் யாருக்கும் இதை அடையாளம் சொல்ல வேண்டாம். சாவு வீட்டுக்கு வருகிற ஆண்கள் தூரத்திலேயே குதிரையை விரட்டி, வாசலை நெருங்கும்போது செத்தவரின் உறவுமுறையைச் சொல்லி ஓலமிட்டுக்கொண்டே வருவார்கள். அந்த முறைச்சொல்லைக் கேட்டாலே உள்ளே கிடப்பது யார் என்று தெரிந்துவிடும்.

யாருக்காக அழுகிறார்கள் என்று உம்சுனை வாய்விட்டுக் கேட்கவில்லை. இஷென்பெக்கும் கேட்கவில்லை. ஆனால் இருவரும் அதற்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் இருப்பது அவள் ஒருத்திதான்.

ஓலம் ஏறியது.

"அப்பா! என் மலையே! அப்பா!"

இஷென்பெக் அடக்கியிருந்த மூச்சை விட்டார். அப்பா. அக்கா இல்லை.

"எனக்கில்ல," என்றாள் உம்சுனை. குரல் நடுங்கினாலும் அதில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்ததுபோல் பட்டது. "வேற யாருக்கோ."

இருட்டுவதற்குள் ஓலம் தேய்ந்தது. எண் ஏறியது. படம் திரும்பியது. உம்சுனை இதயத்தின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது.

காலையில் அவர் ஓடையைக் கடந்து போய்ச் சேர்ந்தபோது, அவள் முற்றத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கம்பத்த எங்க புடிச்ச?"

"அசனாலி குடுத்தான்."

"அசனாலியா?" அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஊரெல்லாம் சந்தேகப்படுவியே, வாங்க வேண்டிய இடத்துல மட்டும் கண்ணு அவிஞ்சு போச்சா? உச்சியில வெட்டப் பாரு. வெள்ளை நூலப் பாரு. அது துக்கக் கொடிக் கம்பம்டா மடையா."

இஷென்பெக்குக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போதெல்லாம் யாரும் செய்வதில்லை. மலைமேல் இருக்கும் பழைய ஆட்களில் சிலர் செய்வார்கள். வயதானவர் செத்தால் வெள்ளைத் துணி கட்டிய கம்பத்தைக் கூடாரத்தின்மேல் உயர்த்துவது. வழியில் போகிற எவனும் அதைப் பார்த்தால் இங்கே சாவு என்று அறிந்து, குதிரையைத் திருப்பி வந்து அழுதுவிட்டுப் போகவேண்டும். வருடம் திரும்பியதும் குதிரை வெட்டிப் பெருவிருந்து. விருந்தின் முடிவில் செத்தவரின் மகன் கம்பத்தை முறிப்பான். முறித்தால்தான் துக்கம் முடியும். அழ வருகிறவர்கள் வருவது நிற்கும்.

"இது முறிக்காத கம்பம்," என்றாள் உம்சுனை. "அதைக் கொண்டாந்து என் தலைக்கு மேல நட்டு வச்சிருக்க. இங்க சாவு, வாங்க வாங்கன்னு."

"இப்பவே இறக்கிடுறேன்."

"இறக்கினா? வழி தெரிஞ்சு போச்சு அவங்களுக்கு. அழ வந்தவங்களுக்கு வீட்டுல ஒரு பொணம் காட்டணும்டா. இல்லாட்டி, இருக்கிறவங்கள்ல ஒருத்தர் படுத்துக் காட்டணும்." அவள் மார்பைத் தடவிக்கொண்டாள். "நேத்து ஒவ்வொரு குரலுக்கும் இது ஒரு அடி தவறுச்சு. இன்னும் ரெண்டு சாயங்காலம் தாங்குமோ என்னவோ."

அசனாலி வீட்டில் அடுப்பு எரியவில்லை. வீட்டுக்குள்ளேயே கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு எரிபொருளை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தான். உம்சுனை தம்பியோடு உள்ளே வந்து உட்கார்ந்தாள். அவன் ரொட்டியை எடுத்து வைத்தான். ஒரு விள்ளல் அளவுக்கே இருந்த ரொட்டி.

"உங்க அப்பா வருஷ விருந்து எப்பப் போட்ட?" என்றாள்.

அசனாலி தொப்பியைக் கழற்றினான், மறுபடி மாட்டினான்.

"அந்த வருஷம் குதிரைங்க இளைச்சுக் கெடந்துச்சு அக்கா. சரி, அடுத்த வருஷம் கொழுக்கட்டும்னு விட்டேன். அடுத்த வருஷம் கொழுத்துச்சு. கொழுத்தத வெட்ட மனசு வரல."

"அப்புறம்?"

"அப்புறம் இங்க குடிவந்துட்டேன். கம்பத்தக் கொட்டகையில படுக்க வச்சிருந்தேன்." குரல் கரகரத்துத் தாழ்ந்தது. "படுக்க வச்சா வாசல் தெரியாது போல. கொட்டகையச் சுத்திச் சுத்தி வருவாங்க. குளம்புச் சத்தம் மட்டும் கேக்கும். தினமும். ஒரு வீட்டு மேல நட்டா அங்க போயிருவாங்கன்னு…"

"எங்கக்கா வீட்டு மேலயா?" இஷென்பெக் எழுந்தார். முந்தின நாள் மேட்டுக்குக் கொண்டுபோன கழி இன்றும் அவர் கையில் இருந்தது.

"அடிக்காதீங்கண்ணே! ஒரு ஆடு வெட்டிடறேன்."

"ஆடா?" என்றாள் உம்சுனை.

"அப்ப ஒரு கோழி…"

"கோழியா? உங்கப்பா என்ன முட்டையில இருந்தாடா வந்தாரு? குதிரை. கொழுத்த குதிரை. நாளைக்கே. இல்லன்னா அந்தக் கம்பத்த உன் கட்டிலுக்கு நேர் மேல நட்டுட்டு, நானும் இவனும் போய்க் கதவச் சாத்திக்கிட்டுப் படுத்துருவோம்."

அசனாலி அழுதான். அப்பாவுக்காகவா குதிரைக்காகவா என்று யாரும் கேட்கவில்லை.

விருந்து மறுநாள் பகலில், உம்சுனை வீட்டு முற்றத்திலேயே நடந்தது. கம்பம் அங்கேதானே நின்றது. ஊரே வந்தது, அசனாலி சோறு போடுகிறான் என்பதை நேரில் பார்க்காமல் யார் நம்புவார்கள்? கொப்பரைகளில் குதிரைக்கறி கொதித்தது. கொழுப்பு வாடையும் சாண வரட்டிப் புகையும் ஓடை முழுக்கப் பரவின. கறியைத் துண்டம் பார்த்து, வயதுக்கும் மரியாதைக்கும் ஏற்றபடி வைத்தார்கள்.

உம்சுனை முற்றத்தின் ஓரத்தில் தனியாக ஒரு நீளக் கம்பளம் விரிக்கச் சொன்னாள். அதில் வரிசையாக முழு ரொட்டிகள் வைத்தாள். "அங்க யாரும் உக்காரக் கூடாது" என்றாள். யாரும் உட்காரவில்லை. அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு எல்லோரும் அவசரமாகச் சாப்பிட்டார்கள்.

கடைசியில் தட்டைக் கழற்றி, கம்பத்தை இறக்கினார்கள். அசனாலி அதை முழங்காலில் வைத்து அழுத்தினான். வளைந்ததே தவிர முறியவில்லை. மறுபடி அழுத்தினான். அப்போது அவன் வாயிலிருந்து, அவனே எதிர்பாராமல், அந்த ஓலம் வந்தது.

"அப்பா! என் மலையே!"

கம்பம் முறிந்தது.

முறிந்த இடத்திலிருந்து குதிரை வியர்வையின் வாடை குபீரென்று கிளம்பியது. முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் இருமினார்கள். மேட்டுப் பக்கமாக ஏதோ விலகிப் போவதுபோல் காற்று ஒருமுறை சுழன்று அடங்கியது.

பந்தி எடுக்கும்போது உம்சுனை தம்பியைக் கம்பளத்தருகே கூப்பிட்டாள். விரலால் காட்டினாள்.

வரிசையாக வைத்த ரொட்டிகள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓரத்தில் ஒரே ஒரு விள்ளல் குறைந்திருந்தது.

"முறை தெரிஞ்சவங்க," என்றாள் அவள் மெதுவாக.

முறிந்த துண்டுகளை அடுப்பில் போட்டு எரித்தார்கள். அவள் கூரையில் இப்போது இரும்புக் குழாய் நின்றது, புத்தம்புதிது, கடையில் வாங்கி, மோந்து பார்த்து, இரண்டு முறை சந்தேகப்பட்டு எடுத்தது. எண் ஏறி நின்றது. குளிர்காலம் முழுக்கக் கோடு மேசைபோல் மட்டமாகவே இருந்தது. உம்சுனையின் உதட்டில் நிறம் திரும்பியது. அசனாலி வரட்டிகூட ஒன்றிரண்டு அதிகம் போட்டு எரிக்கிறான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இதை இஷென்பெக் கடைசிவரை நம்பவில்லை.

பனி உருகி ஓடையில் தண்ணீர் சத்தம் போடத் தொடங்கிய ஒரு சாயங்காலம். அக்காவும் தம்பியும் திரைக்கு முன்னால் தேநீர்க் கிண்ணங்களோடு இருந்தார்கள். அவள் மருந்தை விழுங்கி நாக்கை நீட்டியாயிற்று.

"வர்ற மாசம் இங்கேயே வந்துரேன்," என்றார் இஷென்பெக். "நாயக் கட்டிப் போடறேன்."

"நீ இங்க வா. பசுகிட்ட நான் சொல்லிப் பாக்கறேன்."

அவர் சிரிக்க வாயெடுத்தார். படம் ஒரு நொடி உறைந்தது.

விடுபட்டது. மறுபடி உறைந்தது.

இஷென்பெக் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டார். அவர் நாய் எழுந்து, வாலை இடுக்கி, கம்பளத்துக்கும் சுவருக்கும் நடுவே புகுந்துகொண்டது.

இந்த முறை சத்தம் ஒலிபெருக்கியிலிருந்து வரவில்லை. அவர் வாசலிலிருந்து வந்தது. ஈர மண்ணில் குளம்புகள். சேணத் தோல் நெரியும் ஒலி. கதவிடுக்கு வழியே சூடான வாடை. பிறகு, தூரத்திலிருந்து தொடங்கி, நெருங்கி நெருங்கி, அந்த ஓலம்.

"அக்கா! என் நிழலே! அக்கா!"

அவர் கை யோசிக்காமல் நீண்டது. திரையின் கீழிருந்த பொத்தானைத் தொட்டு, தன் பக்கத்து ஒலியை அணைத்தார். அவளுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருக்கவே கூடாது. காற்றென்று சொல்லலாம். நாய் என்று சொல்லலாம். முகத்தை நேராக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

திரையில் உம்சுனையின் கையும் நீட்டியபடி இருந்தது. அவள் விரல் அப்போதுதான் பொத்தானிலிருந்து விலகியது. மூலையில் சின்னதாக ஒரு ஒலிவாங்கிப் படம், அதன்மேல் சிவப்புக் குறுக்குக் கோடு. அந்தப் பக்கத்துச் சத்தத்தை அவளும் அணைத்துவிட்டாள்.

தன் வாசலில் எந்த முறைச்சொல்லைக் கேட்டு அணைத்தாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டாலும் அவளுக்குக் கேட்டிருக்காது.

அவள் தோளுக்குப் பின்னால், ஜன்னலில், பசு மூலையில் ஒடுங்கி நிற்பது தெரிந்தது.

உம்சுனை அவரைப் பார்த்துச் சிரித்தாள். கிண்ணத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஆறிப்போகிறது குடி என்பதுபோல் தலையை ஆட்டினாள். அவரும் சிரித்தார். அவரும் குடித்தார். இருவரில் யாரும் திரையை அணைக்கவில்லை, இருவரில் யாரும் எழுந்து கதவருகே போகவில்லை.

அவருக்கும் அவளுக்கும் நடுவே எண் விழுந்தது, எழுந்தது. விழுந்தது, எழுந்தது. மேட்டின்மேல் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள்.